தமிழில் வலைப்பூ தொடங்க ஒரு வழிகாட்டி: தேடினால் கிடைக்கணும், நாளைக்கும் இருக்கணும்

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது, எந்தப் பக்கத்திலிருந்து ஏறி வந்தது, எத்தனை நாள் வடியாமல் கிடந்தது என்றெல்லாம் முடிச்சூர், வேளச்சேரி, கோட்டூர்புரம் ஆட்கள் அன்றன்றைக்கே எழுதினார்கள். பெரும்பாலும் முகநூலில், இல்லையென்றால் வாட்ஸப்பில். இன்றைக்கு அந்தப் பக்கம் வாடகைக்கு வீடு தேடுகிற ஒருவர் தெருப் பெயரைக் கூகுளில் போட்டுப் பார்த்தால் அதில் ஒரு வரி கண்ணில் படுவதே கஷ்டம். எழுதியவரே தேடினாலும் கட்டைவிரல் வலிக்கத் தள்ளிக்கொண்டே போக வேண்டியதுதான்.

என் பெரியப்பா பெரம்பூரில் இருக்கிறார், ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பின்னி மில் இருந்த காலத்துப் பெரம்பூர் பற்றி முகநூலில் அவ்வளவு அருமையாக எழுதுவார். "ஏம்பா, போன வருஷம் நான் எழுதினது எனக்கே கிடைக்க மாட்டேங்குதே" என்று அவர் கேட்டபோதுதான் அவருக்கு ஒரு வலைப்பூ போட்டுக் கொடுத்தேன். அவருக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். கணினியில் அதிகம் பழக்கம் இல்லாதவர்களும் செய்துவிடலாம். ஒவ்வொரு படியிலும் நான் பார்ப்பது இரண்டு விஷயம்: எழுதியது தேடினால் கிடைக்குமா, பத்து வருஷம் கழித்தும் அதே இடத்தில் இருக்குமா. இந்த இரண்டுக்கும் உதவாத அலங்காரத்தை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளச் சொல்வேன்.

முதலில் மூன்று கட்டுரை எழுதுங்கள்

கணக்குத் தொடங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். போனில் இருக்கிற நோட்ஸ் செயலியிலோ நோட்டுப் புத்தகத்திலோ மூன்றே மூன்று கட்டுரை. தொடங்கிய உற்சாகத்தில் நாள் கணக்கில் நிறம் மாற்றி, படம் மாற்றிக்கொண்டே இருந்துவிட்டு 'முதல் பதிவு, அனைவருக்கும் வணக்கம்' என்று ஒரு இடுகையோடு நின்றுபோன வலைப்பூக்கள் தமிழில் ஏராளம். மூன்று கட்டுரை கையில் இருந்தால் உங்களுக்கு எதைப் பற்றி எழுத வருகிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும், பெயர் வைப்பதும் சுலபமாகிவிடும்.

எதைப் பற்றி எழுதலாம் என்று கேட்பவர்களுக்கு: உங்களுக்குத் தெரிந்து, இணையத்தில் தமிழில் இல்லாத எதுவும் சரி. தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரை தினமும் மின்ரயிலில் போகிறவருக்குத் தெரிந்த விஷயங்கள், ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும், பர்மா பஜார் பக்கம் அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் எங்கே நன்றாக இருக்கும், கன்னிமாரா நூலகத்தில் உறுப்பினர் ஆவது எப்படி. இப்படிக் குறுகிய தலைப்பாக எடுத்தால்தான் தேடுகிறவருக்கு அகப்படும். 'வாழ்க்கை', 'சிந்தனைகள்' என்று போனால் யாரும் அந்தச் சொல்லைப் போட்டுத் தேடி வரப்போவதில்லை.

எங்கே தொடங்குவது

இரண்டு பெயர் அடிபடும், பிளாகரும் வேர்ட்பிரஸும். பிளாகர் 1999-ல் வந்தது, 2003-ல் கூகுள் வாங்கியது. வேர்ட்பிரஸ் 2003-ல் வந்தது. இதில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது அவர்களே இடம் கொடுத்து நடத்துகிற சேவை. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்பது இலவச மென்பொருள், அதைப் போட்டு ஓட்ட நீங்கள் தனியாகக் காசு கொடுத்து ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைக்க வாடகைக்கு இடம், வாங்க வேண்டும்.

புதியவர்களுக்கு நான் பிளாகரைத்தான் சொல்வேன். முழுக்க இலவசம், சொந்த டொமைன் (உங்களுக்கே உரிய இணைய முகவரி) வாங்கினால் அதைச் சேர்ப்பதற்கும் பிளாகருக்குத் தனிக் கட்டணம் கிடையாது, உள்ளே இருக்கிற நிரலைக்கூடத் திறந்து மாற்றிக்கொள்ளலாம். வேர்ட்பிரஸ் டாட் காமின் இலவசத் திட்டத்தில் சொந்த டொமைன் சேர்க்க முடியாது, அவர்களுடைய விளம்பரமும் வரும். சொந்த ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ் போட்டால் வசதி நிறைய உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும், பிளகின்கள் என்கிற துணை நிரல்களை அப்டேட் செய்துகொண்டே இருக்க வேண்டும், ஒரு வருஷம் கட்டாமல் விட்டால் எழுதியது அத்தனையும் போய்விடும். நன்றாக எழுதிக்கொண்டிருந்த பல தமிழ்ப் பதிவர்களின் சொந்தத் தளங்கள் அப்படித்தான் காணாமல் போயின. அதே காலத்தில், 2004, 2005 வாக்கில், பிளாக்ஸ்பாட்டில், அதாவது பிளாகர் தரும் இலவச முகவரியில், எழுதிவிட்டு நிறுத்திப் போனவர்களின் இடுகைகளில் பல இன்றைக்கும் திறக்கின்றன. எனக்கு அது ஒன்றே போதும்.

கணக்கும் முகவரியும்

பிளாகருக்குக் கூகுள் கணக்கு வேண்டும். அலுவலகம் கொடுத்த மின்னஞ்சலில் தொடங்காதீர்கள், வேலையை விட்டால் வலைப்பூவும் கையை விட்டுப் போகும். சொந்த ஜிமெயிலில் தொடங்கி, இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். மீட்பு எண்ணாக இப்போது பயன்படுத்துகிற எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு ஆண்டுகள் யாரும் உள்ளே நுழையாத தனிநபர் கணக்குகளை நீக்குவது கூகுளின் கொள்கை, அதனால் எழுதாத நாட்களிலும் அவ்வப்போது அந்தக் கணக்கில் நுழைந்து பார்க்கிற பழக்கம் வேண்டும்.

கணினியில் பிளாகர் டாட் காம் திறந்து 'கிரியேட் யுவர் பிளாக்' அழுத்தினால் முதலில் தலைப்பு கேட்கும். இதைத் தமிழிலேயே வையுங்கள், பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அடுத்துக் கேட்பது முகவரி. இது ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு ஆகியவற்றில்தான் அமைய வேண்டும், கடைசியில் 'பிளாக்ஸ்பாட் டாட் காம்' தானாகச் சேர்ந்துகொள்ளும். இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். முகவரியையும் பின்னால் மாற்ற முடியும் என்றாலும், மாற்றிவிட்டால் அதுவரை மற்றவர்கள் கொடுத்த இணைப்புகள் எல்லாம் உடைந்துவிடும்.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஆளுக்கொரு விதமாக எழுதுவோம். ழகரத்துக்கு ஒருவர் இசட் ஹெச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். நெடிலுக்கு ஒருவர் இரண்டு ஏ, இன்னொருவர் ஒரே ஏ. அதனால் ழகரமோ, வரிசையாக நெடிலோ வராத சின்னச் சொல்லாகப் பாருங்கள். போனில் ஒரே தடவை சொல்லி எதிர்முனையில் இருப்பவர் பிழையில்லாமல் டைப் செய்கிறாரா என்று சோதித்துவிட்டு முடிவு செய்தால் நல்லது. பெரியப்பா வைக்க நினைத்த முதல் பெயர் இந்தச் சோதனையில் தேறவில்லை. பெரம்பூர் என்ற ஊர்ப் பெயரை ரயில்வே எழுதுகிறபடியே எழுதி, கூட ஒரு சொல் சேர்த்தோம், அதற்கப்புறம் யாரும் தடுமாறவில்லை.

காட்சிப் பெயராக உங்கள் பெயரோ புனைபெயரோ கொடுக்கலாம். வீட்டு முகவரி, போன் நம்பர் எதுவும் சுயவிவரத்தில் வேண்டாம்.

தீம் பக்கம் போவதற்கு முன் செட்டிங்ஸ்

தீம் என்பது வலைப்பூவின் தோற்றம், அது அப்புறம். இடது ஓரப் பட்டியில் கீழே செட்டிங்ஸ் இருக்கும். பார்க்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் ஒரே ஒரு தடவைதான்.

மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள். தேதி, மாதம், பொத்தான்கள் எல்லாம் தமிழில் வரும். அடுத்து நேர மண்டலம். இது சில சமயம் அமெரிக்க நேரத்தில் நிற்கும். அப்படியே விட்டால் வியாழக்கிழமை காலையில் நீங்கள் போட்ட இடுகை புதன்கிழமை தேதியில் நிற்கும், மழை நிலவரம் மாதிரி நாள் முக்கியமான விஷயம் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை. பட்டியலில் சென்னை என்று இருக்காது, +5:30 போட்டு கொல்கத்தா என்று இருப்பதுதான் இந்திய நேரம். தேடுபொறிகளுக்குத் தெரியும்படி வைப்பது, ஹெச்டிடிபிஎஸ் ரீடைரக்ட் (வருகிறவர்களைப் பாதுகாப்பான இணைப்புக்குத் திருப்புவது), சர்ச் டிஸ்கிரிப்ஷன், இந்த மூன்றையும் இயக்கி வையுங்கள். சர்ச் டிஸ்கிரிப்ஷன் கட்டத்தில் உங்கள் வலைப்பூ எதைப் பற்றியது என்று ஒன்றிரண்டு வரி தமிழில் எழுதுங்கள், இடமும் பொருளும் அதில் வரட்டும்.

பின்னூட்டங்கள் விஷயத்தில் என் கருத்து இது: யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்து வையுங்கள், கூகுள் கணக்கில் நுழைந்தால்தான் எழுதலாம் என்று வைத்தால் வயதானவர்கள் பலர் பாதியிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் எதுவும் உங்கள் கண்ணுக்கு வந்து, நீங்கள் ஒப்புதல் தந்த பிறகுதான் வெளியாக வேண்டும். அதற்கு மாடரேஷன் என்று இருக்கிறது, 'ஆல்வேஸ்' கொடுத்துவிடுங்கள். வசையும் கடன் விளம்பரங்களும் தேடி வரும், அவற்றைப் பிரசுரிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஒழுங்காக எழுதுகிறவருக்கு ஒரு வரியாவது பதில் போடுங்கள். பெரியப்பாவின் இடுகை ஒன்றுக்கு, அதே மில்லில் வேலை பார்த்த ஒருவரின் மகள் எழுதிய பின்னூட்டம் அந்த இடுகையைவிட நீளம், விவரமும் அதில்தான் அதிகம்.

தமிழை எதில் தட்டச்சு செய்கிறீர்கள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தேடினால் கிடைக்குமா என்ற கேள்விக்கு விடை பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது.

போனில் ஜிபோர்டு, செல்லினம் என்ற இரண்டு விசைப்பலகைச் செயலிகளும் நன்றாக இருக்கின்றன. பேசியும் எழுத வைக்கலாம், நிறுத்தக்குறிகளை மட்டும் கையால் போட வேண்டியிருக்கும். கணினியில், விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகையும், ஆங்கில உச்சரிப்பில் அடித்தால் தமிழாக மாறுகிற முறையும் உண்டு. தமிழ்99 என்பது 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை. உயிர் எல்லாம் இடக்கையில், அதிகம் புழங்கும் மெய்கள் வலக்கையில். நிறைய எழுதப்போகிறீர்கள் என்றால் இதைப் பழகிக்கொள்ளுங்கள், ஆங்கில எழுத்தை நினைக்காமல் தமிழில் நினைத்தபடியே விரல் ஓடும்.

பழைய கட்டுரைகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அச்சகத்திலோ ஜெராக்ஸ் கடையிலோ டிடிபி செய்து வாங்கிய கோப்பு பெரும்பாலும் பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருவில் இருக்கும். திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துக் குறியீடு. சோதிக்க எளிய வழி, ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸப்பில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்தாக வந்தால் அது யூனிகோடு, அதாவது எல்லாக் கருவியும் தமிழாகவே படிக்கிற பொதுக் குறியீடு, இல்லை. என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகளில் போட்டு யூனிகோடாக மாற்றிவிட்டுத்தான் வலைப்பூவில் ஒட்ட வேண்டும். 

மாற்றிய பிறகும் ஒரு வேலை இருக்கிறது. 'அவர்கள்' என்ற சொல்லையும் 'அவா்கள்' என்ற சொல்லையும் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் இரண்டாவதில் இருப்பது ரகர மெய்யே கிடையாது, 'ஆ'காரத்துக்குப் போடுகிற துணைக்காலின் மேல் ஒரு புள்ளி. பழைய எழுத்துருக்களில் துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவத்தை வைத்துப் பழகியதால் வந்த வினை இது. வாசிப்பவர் கவனிக்க மாட்டார், கணினிக்கு அது வேறு சொல். அந்தப் பக்கத்திலேயே 'அவர்கள்' என்று தேடினால் அகப்படாது. 'பெரம்பூர்' என்ற ஊர்ப் பெயரிலேயே இந்தப் பிழை இருந்துவிட்டால் ஊரைத் தேடி வருகிறவருக்கு நீங்கள் இல்லாத மாதிரிதான். இதே போல 'ஔவை'க்கு ஒகரமும் ளகரமும் சேர்த்து 'ஒளவை' என்று அடிப்பது, 'எ' வர வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழான '௭' வந்துவிடுவது, இவையும் உண்டு. வேர்டில் 'கண்டுபிடித்து மாற்று' கொடுத்து முழுக் கோப்புக்கும் ஒரே தடவையில் திருத்திவிடலாம், கால் மணி நேர வேலை.

முதல் இடுகை

'நியூ போஸ்ட்' அழுத்துங்கள். வேர்டிலிருந்தோ வாட்ஸப்பிலிருந்தோ ஒட்டுவதாக இருந்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தி ஒட்டுங்கள், வெறும் எழுத்து மட்டும் வரும். சாதாரணமாக ஒட்டினால் அங்கிருந்த எழுத்தளவு, நிறம், இடைவெளி எல்லாம் கூடவே வந்து, பின்னால் தீம் மாற்றும்போது ஒவ்வொரு இடுகையும் ஒவ்வொரு கோலத்தில் நிற்கும்.

தலைப்பு தமிழில், தேடுகிறவர் அடிக்கக்கூடிய சொற்களோடு. 'ஒரு மாலை நேரம்' என்பதைவிட 'ராயபுரம் ரயில் நிலையம்: 1856-ல் திறந்த கட்டடம் இன்று எப்படி இருக்கிறது' என்பது வேலைக்கு ஆகும். உட்தலைப்பு வேண்டுமானால் எழுத்தைப் பெரிதாக்கித் தடிமன் செய்யாமல், மேலே பட்டியில் இருக்கிற ஹெட்டிங் பாணியைக் கொடுங்கள், கூகுளுக்கும் அதுதான் புரியும், பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கும் அதுதான் புரியும்.

இப்போது வலது ஓரத்தில் பெர்மாலிங்க் என்று ஒன்று இருக்கும், அதுதான் அந்த இடுகையின் தனி முகவரி. பிளாகரில் தமிழ்த் தலைப்பு வைத்தால் இடுகையின் முகவரியில் தமிழ் வராது, 'பிளாக் போஸ்ட்' என்று ஆங்கிலத்தில் போட்டுப் பக்கத்தில் ஒரு எண்ணை ஒட்டிவிடும். ஐம்பது இடுகை எழுதிய பிறகு எது எந்த முகவரி என்று உங்களுக்கே தெரியாது. 'கஸ்டம் பெர்மாலிங்க்' தேர்ந்தெடுத்து, மூன்று நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் இடையே சிறுகோடு போட்டுக் கொடுங்கள்: ராயபுரம், ரயில்வே, ஸ்டேஷன், அவ்வளவு போதும். வெளியிடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். வேர்ட்பிரஸில் இதே சங்கதி வேறு மாதிரி வரும், தமிழ்த் தலைப்பே முகவரியாகிவிடும், ஆனால் அதை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு எழுத்தும் விழுக்காட்டுக் குறியோடு ஒன்பது எழுத்தாக விரிந்து, வாட்ஸப்பில் ஐந்தாறு வரிக்கு நீளும். அங்கேயும் ஆங்கிலச் சொற்களைக் கையால் கொடுப்பதுதான் வழி.

லேபிள் என்பது இடுகையை வகைப்படுத்தும் சொல். மொத்த வலைப்பூவுக்கும் ஏழெட்டு லேபிள் என்று முதலிலேயே முடிவு செய்து அதற்குள்ளேயே இருங்கள். 'உணவு', 'சாப்பாடு', 'ஓட்டல்' என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டால் எந்த ஒன்றிலும் முழுப் பட்டியல் இருக்காது.

படங்களை அப்படியே ஏற்றாதீர்கள். போனில் எடுத்த படம் பல எம்பி இருக்கும், மின்ரயிலில் சிக்னல் போய்ப்போய் வருகிற இடத்தில் படிப்பவருக்குப் படம் வருவதற்குள் ஸ்டேஷன் வந்துவிடும். அகலம் 1200 பிக்ஸல் வரும்படி சுருக்கி ஏற்றினால் போதும், ஸ்கூஷ் என்ற இலவசத் தளத்தில் சுருக்கலாம். ஏற்றியபின் படத்தை அழுத்தினால் ஆல்ட் டெக்ஸ்ட் என்ற கட்டம் வரும், படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி தமிழில் எழுதுங்கள். முடிந்தவரை நீங்களே எடுத்த படமாக இருக்கட்டும். கூகுளில் கிடைத்ததை எடுத்துப் போடுவது இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி பிரச்சினைதான், கீழே 'நன்றி கூகுள்' என்று போட்டாலும் சரியாகிவிடாது. பொதுப் பயன்பாட்டுக்கான படத் தொகுப்பான விக்கிமீடியா காமன்ஸில் எடுத்தால் எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டுப் போடலாம். கடைக்காரரையோ தெருவில் போகிறவரையோ எடுத்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

தோற்றத்தை மாற்றுதல்

மூன்று இடுகையும் ஏறிவிட்டதா, இப்போது தீம் பக்கம் வரலாம். எதைத் தொடும் முன்பும் தீம் பகுதியில் இருக்கிற பேக்கப் பொத்தானை அழுத்தி இப்போதைய தீமைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது குளறுபடி ஆனால் அதைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

பிளாகரே தருகிற கன்டெம்போ, சோஹோ, எசென்ஷியல், சிம்பிள் இவற்றில் ஒன்றே போதும். பெரும்பாலானவர்கள் போனில்தான் படிக்கப்போகிறார்கள், அதனால் தேர்ந்தெடுத்த தீமை முதலில் போனில் திறந்து பாருங்கள். வெளித்தளங்களில் இலவச டெம்ப்ளேட் என்று கவர்ச்சியாக நிறைய கிடைக்கும். பலவற்றில் அடிக்குறிப்பில் அவர்களுடைய இணைப்பு நீக்க முடியாதபடி இருக்கும், சிலவற்றில் என்ன செய்கிறது என்றே தெரியாத நிரலும் ஒளிந்திருக்கும். நிரல் படிக்கத் தெரியாதவரைக்கும் அந்தப் பக்கம் வேண்டாம்.

நான் நேரம் செலவழிக்கச் சொல்கிற ஒரே அலங்காரம் எழுத்து. தீம்கள் எல்லாம் ஆங்கிலத்துக்கு என்று அளவெடுத்துத் தைத்த சட்டை, தமிழுக்குப் போட்டால் தோளில் பிடிக்கும். நம் எழுத்துகள் அகலமானவை, மேலே இகர ஈகாரக் கொக்கியும் கீழே உகர ஊகாரச் சுழியும் வரும், வரிகள் நெருக்கமாக இருந்தால் மேல் வரியின் சுழி கீழ் வரியின் கொக்கியில் இடிக்கும். எழுத்தளவு 18 பிக்ஸல், வரி இடைவெளி 1.7 அல்லது 1.8 மடங்கு, இந்த இரண்டை மட்டும் மாற்றிப் பாருங்கள், அதே கட்டுரை வேறு கட்டுரை மாதிரி இருக்கும். இரண்டு ஓரமும் சமமாக நிரப்புகிற ஜஸ்டிஃபை வேண்டவே வேண்டாம். 'எடுத்துக்கொண்டிருந்தார்கள்' போல நீளமான சொல் போன் திரையின் ஒரு வரிக்குள் அடங்காமல் அடுத்த வரிக்குப் போனால், மேல் வரியில் மிஞ்சிய இரண்டு சொற்கள் இரண்டு ஓரத்துக்கு இழுபட்டு நடுவே பெரிய பள்ளம் விழும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும். சாய்வெழுத்தையும் தவிருங்கள், பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்கென்று சாய்ந்த வடிவம் கிடையாது, உலாவி தானாகச் சாய்த்துக் காட்டுவது பார்க்க நன்றாக இருக்காது.

எழுத்துரு மாற்ற விரும்பினால் கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் தமிழுக்கு நல்ல இலவச எழுத்துருக்கள் இருக்கின்றன. நீளக் கட்டுரைக்கு நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது முக்தா மலர், தலைப்புக்குக் கேட்டமரன் அல்லது ஹிந்த் மதுரை. ஒன்று போதும், அதிகம் போனால் இரண்டு, ஒவ்வொன்றும் வாசகரின் போனில் தரவிறங்க வேண்டும் அல்லவா. அந்தத் தளத்தில் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து 'இம்போர்ட்' வகையை அழுத்தினால் ஒரு வரி நிரல் கிடைக்கும். பிளாகரில் தீம், கஸ்டமைஸ், அட்வான்ஸ்டு, கடைசியாக 'ஆட் சிஎஸ்எஸ்' என்று போனால் ஒரு கட்டம் இருக்கும், சிஎஸ்எஸ் என்பது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் நிரல். நிரலின் முன்னும் பின்னும் கோணக்குறிக்குள் ஸ்டைல் என்று இருந்தால் அதை விட்டுவிட்டு, நடுவில் இருக்கும் வரியை மட்டும் அந்தக் கட்டத்தில் முதல் வரியாக ஒட்டுங்கள். அதன் கீழே, இடுகையின் உடல் பகுதிக்கு இந்த எழுத்துரு, இந்த அளவு, இந்த வரி இடைவெளி என்று மூன்று கட்டளை எழுத வேண்டும். எழுத்துருவின் பக்கத்திலேயே அந்தக் கட்டளையின் மாதிரி இருக்கும், பிளாகர் தீம்களில் உடல் பகுதிக்குப் பெயர் 'போஸ்ட் பாடி'. சேமித்ததும் மாறிவிடும். மாறவில்லை என்றால் பெரும்பாலும் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போயிருக்கும்.

வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, அல்லது அதற்குப் பக்கத்தில். பெரியப்பா தன் வயதுக்காரர்களிடம் காட்டியபோது அவர்கள் பாராட்டியதும் கேட்டதும் எழுத்தளவைத்தான், நிறத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

லேஅவுட் பகுதியில் வேண்டிய பெட்டிகளைச் சேர்க்கலாம். தேடுபெட்டி கட்டாயம். லேபிள் பட்டியல், பழைய இடுகைகளின் மாதவாரித் தொகுப்பு, உங்களைப் பற்றி நான்கு வரி. நீங்கள் விரும்பிப் படிக்கிற வலைப்பூக்களின் பட்டியலையும் 'மை பிளாக் லிஸ்ட்' மூலம் போடுங்கள். 2004-ல் வந்த தமிழ்மணம் போல, பல வலைப்பூக்களின் புது இடுகைகளை ஓரிடத்தில் காட்டிய திரட்டிகள் இருந்த காலத்தில் புது இடுகை போட்டதும் வாசகர்கள் தாமாக வந்தார்கள். இப்போது அப்படி ஒரு பொதுத் திண்ணை இல்லாததால் நாம்தான் ஒருவரை ஒருவர் கைகாட்ட வேண்டும். ஓடும் எழுத்து, தானாகப் பாடும் பாட்டு, வருகை எண்ணி இதெல்லாம் வேண்டாம். வலைப்பூவின் பெயரை அழகாக வரைந்து படமாக மட்டும் வைப்பதும் வேண்டாம், படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

சொந்த டொமைன்

உடனே வாங்க வேண்டியதில்லை. இருபது இடுகை தாண்டட்டும். வாங்கும்போது உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், 'நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று கடைக்காரர் தன் பெயரில் வாங்கிவிட்டால் பிறகு மீட்பது பெரும்பாடு. டாட் இன், டாட் காம் இரண்டும் சரி. முதல் வருஷ விலையைப் பார்க்காமல் புதுப்பிக்கும்போது என்ன விலை என்று பாருங்கள். டாட் இந்தியா என்று தமிழிலேயே டொமைன் வாங்கவும் வழி இருக்கிறது, பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் நகலெடுத்து அனுப்பும்போது பல இடங்களில் புரியாத ஆங்கில எழுத்து வரிசையாக மாறிவிடுவதால் இப்போதைக்கு நான் சொல்ல மாட்டேன்.

வாங்கிய பிறகு செட்டிங்ஸில் கஸ்டம் டொமைன் என்ற இடத்தில் முகவரியைக் கொடுத்தால் பிளாகர் முதலில் பிழை என்று காட்டி, கூடவே உங்கள் டொமைனைப் பிளாகரோடு இணைக்கிற இரண்டு சி-நேம் வரிகளைத் தரும். பயப்பட வேண்டாம், அந்த வரிகளுக்காகத்தான் கொடுத்தோம். டொமைன் வாங்கிய தளத்தில், முகவரி எங்கே போக வேண்டும் என்று குறிக்கிற டிஎன்எஸ் பகுதியைத் திறந்து இரண்டையும் அப்படியே சேர்த்துவிட்டு, சில மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், திரும்பவும் பிளாகரில் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும். பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருகிறவர்களும் தானாகப் புது முகவரிக்குப் போய்விடுவார்கள்.

ஆட்கள் வருவதற்கு

உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டுகிற இலவசச் சேவையான கூகுள் சர்ச் கன்சோலில் உங்கள் வலைப்பூவைச் சேருங்கள். அதே கூகுள் கணக்கு என்பதால் பிளாக்ஸ்பாட் முகவரியை உறுதிப்படுத்துவது சுலபம். சைட்மேப் (தளத்தில் உள்ள பக்கங்களின் பட்டியல்) என்ற இடத்தில் பிளாகர் தானாகவே தயாரித்து வைத்திருக்கிற சைட்மேப் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். உடனே எதுவும் நடக்காது. சில வாரம் கழித்துப் பார்த்தால் எந்தச் சொல்லைத் தேடி உங்களிடம் வந்தார்கள் என்று பட்டியல் வரும், அடுத்து என்ன எழுதலாம் என்பதற்கு அதைவிட நல்ல யோசனை கிடையாது. புது இடுகையில் பழைய இடுகைக்கு இணைப்புக் கொடுங்கள். வாட்ஸப் குழுவில் முழுக் கட்டுரையையும் ஒட்டாமல் இரண்டு வரியும் இணைப்பும் மட்டும் அனுப்புங்கள். முகநூலில் எழுதுவதை நிறுத்த வேண்டாம், அங்கே எழுதியதை அன்றே இங்கேயும் ஏற்றிவிடுங்கள்.

விளம்பர வருமானம் பற்றிக் கேட்பார்கள். கூகுள் ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியிலிருந்து தமிழுக்கும் உண்டு. ஆனால் கட்டுரை கொஞ்சமும் வாசகர் கொஞ்சமும் இருக்கும்போது விளம்பரம் போட்டால் காசும் வராது, படிப்பதற்கும் இடைஞ்சல். ஒரு வருஷம் போகட்டும்.

மாதம் ஒரு தடவை

செட்டிங்ஸில் 'பேக் அப் கன்டென்ட்' என்று இருக்கிறது. அதன் வழியாக இடுகைகளும் பின்னூட்டங்களும் அடங்கிய கோப்பைத் தரவிறக்கிக்கொள்ளலாம். நாளைக்கு வேர்ட்பிரஸுக்கு மாற வேண்டும் என்றாலும் இந்தக் கோப்புதான் வேண்டும். தேதியைப் பெயராகக் கொடுத்து ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள். அந்தக் கோப்புக்குள் படங்கள் இருக்காது, படங்களுக்கான இணைப்புகள் மட்டும்தான் இருக்கும். அதனால் ஏற்றிய படங்களை இடுகைக்கு ஒரு ஃபோல்டர் என்று தனியாக வைத்து, அதே பென் டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொருவருக்கு அது எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள்.